பெறுபேறு

பேராதனையிலிருந்து வட்சப்பில் வந்திருக்கிறது
ஒரு எண், அதன் கீழ் ஒரு கோணல் கையொப்பம்.
பிறபொருளெதிரி: உண்டு.
அவ்வளவுதான்.

எட்டு நாளுக்கு முன், பாசிக்குடாவில்,
ஹோட்டல் பின்மதிலோரக் கிடுகுக் கொட்டிலில்
ஏழு கிழமைக் குட்டியின் கழுத்து நரம்பில்
ஊசி ஏற்றினேன்.
நெற்றியில் சுண்ணாம்பு தொட்டு இழுத்ததுபோல் ஒரு வெள்ளை.
காதுகளைப் பிடித்திருந்த ரவூப்தீன்
கடல் பக்கம் திரும்பிக்கொண்டான்.
சவாரிக்குப் போகாத தாய்
கயிறு எட்டும் தூரம் வரை வந்து நின்றது.

வாழைச்சேனை வாடியில் மீனுக்கு உடைத்த ஐஸ்.
அதற்குள் இரத்தக் குழாய்.
கண்டி பஸ்ஸில் கொண்டக்டர் பெட்டியை மோந்து
"பாரையா, டொக்டர்?" என்றான்.
குதிரை என்றேன்.
அடுத்த சீற்றில் இருந்தவர் எழும்பிப் போனார்.

"அப்ப வருத்தம்தானே?"
ரவூப்தீன் போனைத் தன் பக்கம் திருப்பிப் பார்க்கிறான்.
எப்படிச் சொல்வது?
இந்த 'உண்டு' தாயின் கடும்புப்பாலோடு வந்திருக்கலாம்.
பிறந்த நாள் தொட்டு மூக்கில் ஏறுகிற
இந்தக் கொட்டில் புழுதியின் கிருமியைக் கண்டு
இரத்தமே எழுதி வைத்ததாகவும் இருக்கலாம்.
துள்ளுகிற குட்டிக்கும் இருக்கும்,
மூச்சு இழுக்கிற குட்டிக்கும் இருக்கும்.
சந்தித்தார்கள் என்று மட்டும் சொல்கிற சாட்சி இது.
யார் விழுந்தார் என்று கேட்டால்
வாயைத் திறக்காது.

எங்கள் இரத்தங்களை எடுத்து அனுப்பினாலும்
இந்தக் கரையில்
ஏதோ ஒன்றுக்கு 'உண்டு' என்றுதான் வரும்.
அதை வைத்து
யாரை நோயாளி என்று பதிவது?

நான் எண்ணுக்காகக் காத்திருக்கவில்லை.
முதல் இரவே வலது விலாவின் கீழ்
குழாயை வைத்தபோது கேட்டது:
அடுப்பில் கல்லுப்பு விழுந்து வெடிக்கிற சத்தம்.
மார்புநோய் கிளினிக்கில்
சயரோகக் குளிசைக்குப் போய் நின்றேன்.
நோயாளியின் பெயர்? சீமான்.
வயது? நாற்பத்தொன்பது நாள்.
நிறை? அறுபத்திரண்டு கிலோ.
மருந்தாளர் சுரேகா பேனையை மூடி வைத்து
என்னை ஒருமுறை பார்த்தாள்,
பிறகு மூடியைக் கழற்றினாள்.

மூன்றாம் நாள் ரவூப்தீனின் மகன்
கத்திக்கொண்டு ஓடிவந்தான்:
குட்டி இரத்தக்கண்ணீர் விடுகுதாம்.
இல்லையடா, குளிசையின் நிறம்.
மணலில் விழுந்த மூத்திரமும் செம்மஞ்சள்தான்.
அவன் அதைக் குந்தியிருந்து பார்த்தான்,
பிறகு காலால் மண்ணைத் தள்ளி மூடினான்.

இப்போது கச்சான் எழும்புகிறது.
மதிலுக்கு அப்பால் கதிரைகளை அடுக்குகிறார்கள்.
புழுதி வருகிற பக்கமாகத்
தாய் தன் உடம்பைத் திருப்பி நிற்கிறது,
தற்செயலாகவும் இருக்கலாம்.

போனைப் பைக்குள் போட்டுவிட்டு
மறுபடி குழாயை நெஞ்சில் வைக்கிறேன்.
உப்பு இன்னும் வெடிக்கிறது.
நேற்றையதைவிடச்
சின்னக் கல்.