அரை லிட்டர் மிச்சம்

குட்டாய்சி நகரம். மின்சாரம் போய் இருபத்திரண்டாம் நாள்.
மாடிப்படியில் ஒரே மெழுகுவர்த்தி,
அதைச் சுற்றிப் பதினோரு வீட்டுக்காரர்கள்.
நடுவே இருபது லிட்டர் பெட்ரோல்,
நுக்ஸார் தன் காரின் நான்கு சக்கரங்களையும் விற்று வாங்கியது.
மூடிக்கிடந்த சினிமாக் கொட்டகையிலிருந்து தூக்கிவந்த ஜெனரேட்டர்
கிழட்டு நாயைப் போலப் படிக்கடியில் கிடந்தது.

"திட்டமிடல் அலுவலகத்தில் இருந்தவர்தானே நீங்கள்,
பட்டியல் போடுங்கள்" என்றார்கள்.

இருந்தேன். இருபத்தெட்டு வருடம்.
என் பொறுப்பு பொத்தான்கள்.
குடியரசுக்கு வருடத்துக்கு எத்தனை பொத்தான் வேண்டும் என்று
யாரையும் கேட்காமலே எனக்குத் தெரியும்.
ஒரு வருடம் பொத்தான் வந்தது, சட்டை வரவில்லை.
மறு வருடம் சட்டை வந்தது,
எல்லாம் ஒரே அளவு, என் மைத்துனனின் அளவு.
காகிதத்தில் மட்டும் ஒருநாளும் பற்றாக்குறை இல்லை.

இங்கே காகிதமும் இல்லை.
பழைய படிவம் ஒன்றின் முதுகில் கோடு கிழித்தேன்.

பல் வைத்தியர் குராம் ஒரு மணி நேரம் கேட்டார்:
"துளைக்கும் கருவி ஓடினால் காசு.
காசு வந்தால் மறுபடி பெட்ரோல்.
விதைக்கு வைத்ததைத் தின்பார்களா?"
ஜுஜுனா அடுப்பைக் கேட்டாள்:
"வீட்டுக்கு இரண்டு குவளை மாவு கொடுங்கள், எல்லாருக்கும் ரொட்டி.
மெல்ல ஏதாவது இருந்தால்தானே பல்."

ஆறாவது வீட்டில் பிறந்து பதினேழு நாளான குழந்தை.
அது எதையும் கேட்கவில்லை, அழுதது.
அதுவும் ஒரு விண்ணப்பம்தான்;
ஹீட்டர், இரண்டு மணி நேரம் என்று எழுதிக்கொண்டேன்.

தலைக்கு இவ்வளவு என்றது ஒரு குரல்.
தலைக்கா, வீட்டுக்கா என்றது இன்னொன்று.
சீட்டுக் குலுக்கு என்றது இருட்டிலிருந்து வேறொன்று.
"கொடுத்தவனுக்குத்தான். இப்போது அதுதான் சட்டம்"
என்றாள் நுக்ஸாரின் மனைவி.
"அப்படியானால் முன்பு என்ன சட்டம்?"
எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.
திரியைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன்.

கடைசியாக லமாரா.
"எனக்குப் பதினைந்து நிமிடம் போதும். ஒன்பது மணிக்கு.
தொலைக்காட்சியில் பெயர் வாசிக்கிறார்கள்,
போரில் பிடிபட்டுத் திரும்புகிறவர்களின் பெயர்."
பதினைந்து நிமிடத்துக்கு எவ்வளவு பெட்ரோல், தெரியும்.
அது எத்தனை ரொட்டிக்குச் சமம்,
எத்தனை கடைவாய்ப்பல்லுக்கு?
அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டேன்.

ஒன்பதுக்கு ஐந்து நிமிடம்.
அடுப்புக்குள் பதினோரு வீட்டு மாவு
ஒன்றாய்ப் பொங்கிக்கொண்டிருந்தது.
அடுப்பு எரிந்தால் படம் சுருங்கிப் புள்ளியாகிறது.
இரண்டையும் எந்திரம் தாங்காது;
என் பட்டியலிலேயே இருந்த விஷயம், நான்தான் பார்க்கவில்லை.
ஜுஜுனா என்னிடம் கேட்கவில்லை.
கையைப் பாவாடையில் துடைத்தாள்,
பிளக்கைப் பிடுங்கினாள்.

முப்பத்துநான்கு பேர் ஒரே அறையில்.
ஏழு பெயர் வாசித்தார்கள்.
ஏழாவது, மெராப்.
லமாரா பாதி எழுந்துவிட்டாள்.
குடும்பப் பெயர் வேறு.

நடுவில் குழிந்த ரொட்டியைச் சமமாய் வெட்ட
அளவுகோல் எடுத்துவந்தேன். யாரும் சிரிக்கவில்லை.
குராம் தன் ஒரு மணியைப் பற்றிப் பேசவில்லை.
லமாராவின் துண்டு தட்டிலேயே கிடந்தது,
காய்ந்தது,
அதைப் பங்கு போடலாம் என்று எவரும் சொல்லவில்லை.

விடிகாலை. கலனைச் சாய்த்துப் பார்த்தேன்.
அடியில் ஏதோ தளும்பியது.
அரை லிட்டர்!
எங்கோ தப்பாகக் கூட்டியிருக்கிறேன்.
என் உத்தியோக வாழ்க்கையில் முதல்முறையாக மிச்சம்.

சத்தமில்லாமல்தான் மூடியைத் திருகினேன்.
ஆனாலும் மேலே ஒரு தாழ்ப்பாள் விலகியது,
அப்புறம் இன்னொன்று,
அப்புறம் குழந்தையின் அழுகை.