மூன்றாவது ஆறு

இந்த ஊரின் பெயர் கூர்.
மழுங்கலாய் இருந்தது நான்தான், அன்று.

காலை ஆறே முக்கால். யன்னலுக்கு வெளியே பனி.
கொப்பி எடுக்கும் அறையில்
நானும் சூடேற்றும் எந்திரமும் மட்டும்.
ஒரு பக்கம் தாளை விழுங்கி மறுபக்கம் துப்பும்.
கறுப்பாய் இருந்ததெல்லாம்
விரலுக்குத் தட்டுப்பட உப்பி எழுந்திருக்கும்.
மற்ற நிறங்கள்
தாளோடு தாளாகப் படுத்துக் கிடக்கும்.

முன் ரைன், பின் ரைன்,
இரண்டும் கூடும் ரைஷெனாவ்.
இரவு சமையல் மேசையில் இருந்து வரைந்தேன்.
ஊர்ப்பெயர்களுக்கு ஆறு புள்ளி எழுத்து.
சுடச்சுட வந்தது தாள்.
ஆறட்டும் என்று வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன்.

மூன்றாம் பாடவேளை.
ஆசிரியர் கடியன்ட் வெண்திரையில்
மலைகளைச் சுழற்றிக்கொண்டிருந்தார்.
இருபத்திரண்டு பிள்ளைகள்
கழுகுபோல இறங்கினார்கள் பள்ளத்தாக்குக்குள்.
அன்னீனா என் தாளில் நடந்தே வந்தாள்.
இடது கை ஓரிடத்தில் காத்து நிற்க
வலது கை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பும்.

"இது எந்த ஆறு?"

வடக்கில் தொடங்கி
காரணமில்லாமல் ஒரு வளையம் போட்டு
மலை என்றும் பாராமல் ஏறி
தாளின் விளிம்பில் விழுந்துவிடுகிற ஆறு.

குனிந்தேன்.
என் தலைமுடி.
கண்ணாடியில் விழுந்து, பிரதியாகி, சூட்டில் உப்பி
ரைனுக்குச் சமமாய்க் கிடந்தது.

மயிரிழையில் தப்பிக்கலாம் என்றிருந்தது.
"சின்ன ஓடை" என்றேன்.
டொச்சில் பொய் சொல்வது எனக்குச் சுலபம்,
பாதிப் பழி இலக்கணத்துக்குப் போய்விடும்.

வெள்ளிக்கிழமை சோதனை.
கூடும் ஆறுகள் எத்தனை?
மூன்று, என்று தட்டினாள் தன் கருவியில்.
மூன்றாவது மலை ஏறுகிறது, பெயர் தெரியவில்லை.
அச்சிட்டு வந்த தாளில்
கடியன்ட் சிவப்பில் கோடு கிழித்து என்னிடம் தந்தார்.
எந்த எந்திரத்தில் விட்டாலும்
சிவப்பு எழும்பாது.
யாராவது வாய் திறந்தால்தான் உண்டு.

உடுப்பு மாட்டும் இடத்தில், ஈரச் சப்பாத்துகளுக்கு நடுவே,
ஒரு முடியைப் பிடுங்கி அவள் உள்ளங்கையில் வைத்தேன்.
நகத்தால் நீவினாள். நீளம் பார்த்தாள்.
நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்க முன்னம்
"என்னுடையது வைக்கோல் நிறம் என்கிறார்கள்,
விழுந்தால் ஆறாகுமா?"

மணி அடித்துவிட்டது. இருந்தும் போனோம்.
கண்ணாடியில் அவளே வைத்தாள் தன் முடியை.
சூடாக வந்த தாளை
ஆறும்வரை பொறுக்காமல் மூலைக்கு மூலை தடவினாள்.
ஒன்றுமில்லை. மறுபடி தடவினாள்.
"தட்டை" என்றாள், கணக்குப் பிழைத்தவள்போல.

இப்போது கொண்டை போட்டுத் துணியும் கட்டுகிறேன்.
புதுத் தாள் கொடுத்தால்
தலைப்பை வாசிக்க முன்னம் கேட்கிறாள்,
இதில் நீங்கள் எங்கே?