துறைமுகம் மூடிய இரவு

ஒன்றே முக்காலுக்கு
வீட்டுக்குள் ஒரு கடற்சிங்கம் குரைத்தது.

அரைத் தூக்கத்தில் எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது.
ஏழு வருடமாய் அவற்றை விரட்டிச் சம்பளம் வாங்குகிறவள்.
கடல் ஓநாய் என்போம் இங்கே.
சால்மன் பண்ணையின் வலையைக் கிழித்து
மீனின் வயிற்றை மட்டும் தின்றுவிட்டு
மிதவைமேல் ஏறி ஏப்பம் விடும் ஜென்மங்கள்.
கட்டிலுக்கடியில் ரப்பர் பூட்ஸைத் துழாவினேன்.
பிறகுதான்
குரைப்பது அமாரோ என்று தெரிந்தது.

இரண்டரை வயது.
எட்டு மணிக்கு உருளைக்கிழங்கு ரொட்டி
இன்னொண்ணு, இன்னொண்ணு என்று கேட்டவன்.
மூக்கில் கொஞ்சம் சளி, அவ்வளவுதான்.
இப்போது மூச்சை இழுக்கும்போது
துருப்பிடித்த கீலில் கதவு திறக்கிற சத்தம்.
கழுத்தடியில் ஒரு குழி
கட்டைவிரல் அழுத்திய மாவுபோல் உள்ளே போய்
மேலே வர மறந்து
வருகிறது.

எண்ணினேன். எதை என்று தெரியாமல் எண்ணினேன்.

நெல்சன் தெற்கே, பதினான்கு நாள் ஷிப்டில்.
காஸ்ட்ரோ நகரத்து ஆஸ்பத்திரிக்குப் படகில் ஐம்பது நிமிடம்.
மாலையே கடற்படை துறைமுகத்தை மூடிவிட்டது.
வடக்குக் காற்று, சிறு படகுகளுக்கு அனுமதி இல்லை
என்று ரேடியோவில் ஒரு பையன் நிதானமாகப் படித்தபோது
வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.
மூடினால் மூடட்டும் என்று நினைத்ததும் நான்தான்.

சுகாதார நிலையத்து ஓர்லாந்தோ போனை எடுத்தான்.
டாக்டர் இல்லை. போன மாதம்
எங்கள் ஆட்டுக்கும் அவன்தான் தையல் போட்டான்.
"போனை அவன் வாய்கிட்ட வை."
வைத்தேன்.
தீவின் மறுகோடியில் ஒரு மனிதன்
என் மகனின் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தான்.
அதைவிட நீளமான நேரத்தை
நான் இதுவரை வாழ்ந்ததில்லை.

"உதடு என்ன நிறம்?"
"சிவப்பு. சிவப்பாத்தான் இருக்கு."
பார்த்துச் சொன்னேனா, வேண்டிச் சொன்னேனா.
"படுக்க வைக்காதே. அழ விடாதே.
வெளியே தூக்கிட்டுப் போ."
"மழை கொட்டுது."
"குளிர்காத்துதான் மருந்து இப்போ. நான் கிளம்பிட்டேன்."

குளிர்காற்று.
அது படக்கூடாது என்றுதானே
ஜன்னல் இடுக்கெல்லாம் செய்தித்தாள் திணித்தேன்,
விறகடுப்பை ஒருநாளும் அணையவிடாமல்
இவனை அவித்து வைத்தேன்.

நெல்சனின் மழைக்கோட்டுக்குள் அவனைப் போட்டுப் பித்தானை மாட்டி
கூரைத் தாழ்வாரத்தின் கீழே நின்றேன்.
அழ விடக்கூடாது.
எனக்குப் பாட வராது. கதையும் தெரியாது.
தெரிந்தது தீவனப் பட்டியல்.
கூண்டு ஒன்று, ஆயிரத்து இருநூறு கிலோ.
கூண்டு இரண்டு, தொள்ளாயிரம்.
கூண்டு மூன்று, எப்போதும் பசி...
காதருகே முணுமுணுத்தேன், சிலோயேவின் மழை முழுக்க
என் தோளில் இறங்கிக்கொண்டிருந்தது.

அவன் குரைத்தான்.
துறையடியில், இருட்டுக்குள்ளிருந்து, ஏதோ ஒன்று
திரும்பக் குரைத்தது.

கோட்டுக்குள் உடம்பு அப்படியே நின்றது.
ஈரமான இரண்டு கண்கள் கழுத்துப் பட்டி வழியே எட்டிப் பார்த்தன.
"யாரு?" என்றான், குரலே இல்லாமல்.

குரை, தொலைந்து போகாதே,
இன்னொரு தடவை குரை என்று
அந்தத் திருட்டு ஜென்மத்திடம் கெஞ்சினேன்.
குரைத்தது. அவன் கேட்டான்.
கேட்கிற நேரமெல்லாம் அழாமல்
மூச்சு விட்டான்.

ஓர்லாந்தோ வந்தபோது மணி பார்க்கவில்லை.
முழங்கால்வரை சேறு, பையில் ஒரு சின்னக் குப்பி.
பாதி மருந்து உள்ளே போனது,
பாதி அவன் சட்டைக் கையில்.
"இது போதும்," என்றான்,
தனக்கே சொல்லிக்கொள்வதுபோல.

நாலரைக்குக் குழி ஆழம் குறைந்தது.
ஐந்துக்கு, தேடினால்தான் தெரிந்தது.
நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஓர்லாந்தோ தூங்கினான்,
அடுப்புமேல் அவன் காலுறைகள் நாறின.
அந்த நாற்றத்தை நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன்.
கூண்டு மூன்றில் வலை கிழிந்திருந்தது.
மிதவைமேல் ஒன்று படுத்தபடி என்னைப் பார்த்துக் குரைத்தது.
நீளக் கழியை ஓங்கினேன்.
கண்
அதன் கழுத்தடிக்குத்தான் முதலில் போனது.
நன்றாகத்தான் மூச்சு விட்டது.

பிறகு விரட்டினேன்.