பத்தாவது சுற்று

ஏப்ரலில் மொனாக்கோ எங்களை ஏற்கவில்லை.
இடம் நிரம்பிவிட்டது என்றார்கள்.
படகுகளைப் பார்த்தபடி மத்தி மீன் தின்றோம்.
திரும்பும் வழிப் பெட்ரோலுக்கு
என் குளிர்கால மேல்கோட்டு போயிற்று.

அந்த வருடம்தான் எடைக் கட்டுப்பாடு.
எழுநூற்றைம்பது கிலோவுக்கு மேல் குண்டூசி கூடாது.
டயரைக் கழற்றி, எண்ணெயை வடித்து,
சந்தை ஆட்டைப்போல் வண்டியைத் தராசில் ஏற்றுவார்கள்.
எங்களுடையது மூன்று கை மாறிய மாசராட்டி:
ஒரு பிரபுவிடம் இரண்டு வருடம்,
ஒரு பல் வைத்தியரிடம் ஒன்று,
அப்புறம் எங்கள் கடன்.

வெள்ளி வண்டிகள் லாரிகளில் வந்திறங்கும்.
சக்கரத்துக்கு ஓர் ஆள், கொடி பிடிக்கத் தனி ஆள்.
எங்களுக்கு பொர்த்தோலோ.
ஒரே உடம்பில் நான்கு மெக்கானிக்.
ஸ்பார்க் பிளக்குகளை என் பழைய காலுறையில் சுற்றி
சட்டைக்குள் வைத்துக்கொண்டு தூங்குவான்.

நான், பலகையும் பென்சிலும்.
கழுத்தில் நிறுத்துக் கடிகாரம்.
சுற்றுக்கு ஒரு கட்டம், கட்டத்துக்குள் நேரம்.
அந்த ஆறு மாதமும் கணவன் என்பவன்
ஒரு சத்தம், ஒரு சிவப்பு.
எழுதி முடிக்கும் முன் போய்விடுவான்.
எரிந்த விளக்கெண்ணெய் வாடை
ரொட்டியில், தலையணையில்;
பாவமன்னிப்புக் கூண்டில் பாதிரியார் தும்மினார்.

கிளம்பினால் காசு, முடித்தால் பெருமை.
பெருமையை மளிகைக்காரர் வாங்குவதில்லை.

ஜூலையில், பெயர் சொல்ல விரும்பாத ஓர் ஊரில்,
பக்கத்துப் பிட்டிலிருந்த ஓதில்
தன் பலகையை என் மடியில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.
ஆறாவது கட்டம் காலி.
திரும்பக் கேட்டு யாரும் வரவில்லை.
தாளின் பின்பக்கம் வெறுமையாக இருந்தது.
மோன்சாவுக்கு அதையே பயன்படுத்தினேன்.

செப்டம்பர் கடைசியில் ப்ர்னோ.
ஒரு சுற்று இருபத்தொன்பது கிலோமீட்டர்,
கிராமங்களை உரசிக்கொண்டு காட்டுக்குள் போகும் சாலை.
நுழைந்தவன் கால் மணி நேரம் யாருக்கும் சொந்தமில்லை.

பத்தாவது சுற்று.
பதினைந்து நிமிடம். பென்சிலைக் கூராக்கினேன்.
பதினெட்டு. பொர்த்தோலோ சிகரெட் பற்றவைத்தான்,
பெட்ரோல் டப்பாவுக்குப் பக்கத்தில்.
இருபது. யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.
தொலைபேசிக் கூடாரத்துக்கு ஓடினேன்.
செக் மொழியில் எனக்கு நன்றியும் ரொட்டியும்தான் தெரியும்,
இரண்டையும் சொன்னேன்.
முப்பதில் சின்ன முள் மறுபடி பூஜ்யத்துக்கு வந்தது,
ஒன்றுமே நடக்காததுபோல்.
கறுப்பு உடை எங்கே வைத்தேன் என்று யோசித்தேன்.
அதோடு நிறுத்தினேனா?
வண்டி நொறுங்காமல் இருந்தால்
என்ன விலை போகும் என்றும் யோசித்தேன்.

நாற்பத்தேழில்
வேலிக்கு அப்பால் வயல்வழியே ஒரு குதிரை வண்டி.
கூடைகளுக்கு மேல் துய்லியோ.
உதடு நீலம். விரல்கள் நீலம்.
நெஞ்சில் வழிந்து காய்ந்த கருநீலம்.
என் முழங்கால் மடங்கியது.
அப்போது அந்தப் பிணம்
ஒரு கொட்டையைத் துப்பியது.

அச்சு முறிந்ததாம்.
காட்டோரம் ஒருவர் ப்ளம் பறித்துக்கொண்டிருந்தாராம்.
எத்தனை நல்ல மனிதர் தெரியுமா என்றான்.
'நிவெஸ், தின்று பார், தேன்!'

நான் அடிக்கவில்லை.
கடிகாரத்தை நிறுத்த முதலில் மறந்தேன்,
பிறகு மறக்கவில்லை, நிறுத்தவில்லை.
சாயங்காலம் ஒரு ரொட்டிக்கடைக்காரர் வண்டிக்கு விலை கேட்டார்.
துய்லியோ என்னைப் பார்த்தான்.
நான் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரவு விடுதியில் அவன் குறட்டை,
அதனடியில் டிக் டிக்.
முப்பதுக்கு மேல் எண்ணத் தெரியாத முள்ளுக்காகத்
தேவாலய மணி எண்ணியது.
விடியலுக்கு முன் சாவி தீர்ந்து தானே நின்றது.
விளக்கேற்றிப் பத்தாவது கட்டத்தில் எழுதினேன்:
பதினைந்து மணி, நான்கு நிமிடம், பதினொரு நொடி.

ஜன்னலோரம் எனக்கென்று வைத்திருந்த ஒரு ப்ளம்.
புளித்தது.
முழுதும் தின்றேன்.