அதிர்வு: ஆன்

வண்ணார்பேட்டையில் செருப்புக் கடைக்கு மேல் மாடி.
மூணு டிவி, ஆறு கன்ட்ரோலர், ஒரு ஏசி.
கரண்ட் பில் ஞாபகம் வந்தால்
அல்போன்ஸ் அண்ணன் ஏசியை மட்டும் அணைப்பான்.
மணிக்கு அறுபது ரூபாய்.

சிலர் ஆடுமுன் சாமி கும்பிடுவார்கள்.
நான் செட்டிங்ஸுக்குள் போய்
அதிர்வை அணைப்பேன்.

ஜெனிட்டாவுக்கு அது ஆகாது.
சமாதானபுரத்துக்காரி, கணக்கு ரெண்டாம் வருஷம்,
நகம் வெட்டுவதுகூட ஆட்டத்தின் தேதி பார்த்துத்தான்.
"அதிர்வில்லாம ஆடுதது
மூக்கைப் பொத்திக்கிட்டு மீன்குழம்பு திங்க மாதிரி" என்பாள்.
வலப்பக்கம் குண்டு வந்தால் வலது கை சொல்லுமாம்,
கண் திரும்புமுன்னே கை திரும்பியிருக்குமாம்.
டயர் வழுக்கப் போவது
ரோட்டுக்கு முந்தி விரலுக்குத் தெரியுமாம்.

நானும் பதில் வைத்திருந்தேன்.
குறி பார்க்கையில் கட்டைவிரல்
ஒரு நெல்லளவு நகர்ந்தால் போதும்,
எதிரி நெற்றிக்குப் பதில் சுவர்க் காரை உதிரும்.
சுட்டது திரையில் இருக்கிறவன்,
என் கை எதுக்கு உதறணும்?
பேட்டரியும் மிச்சம்.

எல்லாம் நிஜம்தான்.
ஆனால் காரணம் அது இல்லை.

கங்கைகொண்டானுக்கு மேற்கே கல்குவாரி.
ஆறரைக்கு டிரில்லைப் பிடித்தால்
பாறைக்குள் கம்பி இறங்க இறங்க
வேறொன்று முழங்கை வழியாக மேலே ஏறும்.
நான் வீட்டுக்கு வந்த பிறகும்
அது வேலை முடிந்து கிளம்பாது.
ராத்திரி தட்டைப் பிடித்தால்
ரசத்தில் வட்டம் வட்டமாக விழும்.
மார்கழி விடியலில் மூன்று விரல்
சுண்ணாம்பு தொட்ட மாதிரி வெளுத்துக் கிடக்கும்,
அதை அக்குளில் வைத்துச் சூடாக்கிக்கொண்டுதான்
பைக் சாவியைத் தேடுவேன்.
ஏற்கனவே ஒன்று ஓடுகிற கையில்
இன்னொன்று எதற்கு?
இதை நான் ஜெனிட்டாவிடம் சொன்னதில்லை.

மேலப்பாளையத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டி.
முதல் பரிசு எட்டாயிரம்.
மேடையில் போன வாரத்துப் பூ இன்னும் தொங்குகிறது.
அரையிறுதியில் ஒரு காயல்பட்டினத்துப் பையனை முடித்தேன்,
அவன் சிரித்துக்கொண்டே தோற்றான், எனக்குப் பொறாமை.
இறுதியில் ஜெனிட்டா.

ரெண்டுக்கு ரெண்டு.
அப்போது கரண்ட் போனது.
ஜெனரேட்டர் உறுமி வந்ததும்
"லே, சீக்கிரம், டீசல் இல்லை" என்றார்கள்.
செட்டிங்ஸ் பார்க்கவில்லை.
உட்கார்ந்தேன், ஆடினேன்.

அப்படி நான் ஆடியதே இல்லை.
அவள் படிக்கட்டில் ஏறுமுன் மேலே நின்றேன்,
கதவு திறக்குமுன் சுட்டேன்.
கை சுத்தமாக இருந்தது. எப்போதும் போல,
அந்தப் பழைய இரைச்சல் மட்டும் உள்ளே.
கடைசிக் குண்டு.
விசில், கைதட்டல், யாரோ என் முதுகில் குத்தினார்கள்.

கன்ட்ரோலரை மேசையில் வைத்தேன்.
திரையில் வெற்றிக்கு வாணவேடிக்கை.
கன்ட்ரோலர் நகர்ந்தது.
தொடாமலே,
கவிழ்ந்த பொன்வண்டு மாதிரி உர்ர்ரென்று சுற்றி,
சோடா பாட்டிலை உரசி,
மேசை விளிம்புக்குப் போய்
விழுந்தது.

ஜெனிட்டா குனிந்து எடுத்தாள்.
பிடித்தபடியே இருந்தாள், அது நிற்கும்வரை.
"ஆன்லயா ஆடுனே?"

நான் கையைப் பார்த்தேன்.
வாங்கி அழுத்திப் பார்த்தேன்.
அவள் மறுபடி ஒரு ஆட்டத்தைத் தொடங்கி
என்னையே சுட்டுக் காட்டினாள்.
"இப்போ?"
"ம்."
"பொய்."

பரிசோடு ஒரு புதுக் கன்ட்ரோலரும் தந்தார்கள்.
பழையதைவிட நல்லா அதிரும் என்றார்
மைக் பிடித்தவர்.

வெளியே வந்து மணி பார்க்க
சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தேன்.
மேஸ்திரி, ஆறு மிஸ்டு கால்.
வைப்ரேட்டில்தான் போட்டிருந்தேன்.