நூறு

கோ லா மியோ நல்லவர். அதில் சந்தேகமில்லை.
விடியுமுன், மழையில்,
கரண்ட் போன தாம்வேத் தெருவில்
படுத்துவிட்ட என் புரோபாக்ஸுக்குத்
தன் வண்டியிலிருந்து உயிர் கொடுக்க வந்தவர்.
டார்ச் வெளிச்சத்தில்
நனைந்த சிவப்பும் நனைந்த கறுப்பும்
ஒரே நிறம்.

ஒரு பொறி.
கொட்டைப்பாக்கைக் கடித்த மாதிரி ஒரு சத்தம்.
அப்புறம் ஹாரன் இல்லை, டாஷ்போர்டில் ஒரு புள்ளி இல்லை,
கதவு திறந்தால் எரியும் அந்தச் சின்ன மஞ்சள்கூட இல்லை.
பின்சீட்டில் அறுபது கட்டு முறுக்கு.
ஆறு மணிக்குள் பதினோரு டீக்கடை.

அவர் குடையை மடக்கிவிட்டு
மழையில் நின்றார்.

சோதனை விளக்கின் பல்லை வண்டி இரும்பில் கடிக்கவிட்டு
ஊசியைக் கூட்டல் முனையில் வைத்தேன்:
மங்கல்தான், ஆனால் எரிந்தது.
பெரிய ஃப்யூஸின் இந்தப் பக்கம் எரிந்தது.
அந்தப் பக்கம் இருட்டு.
இடையில் அரை அங்குலம்.
என் முழு நாளும் அந்த அரை அங்குலத்தில் நின்றது.

மூடியின் உட்புறமெல்லாம் ஜப்பான் எழுத்து.
எண்கள் மட்டும் என்னோடு பேசின:
பத்து, பதினைந்து, முப்பது.
ஓரத்தில் போல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது
நூறு.

சாவியை எடுத்தாயிற்று.
முதலில் கறுப்பைக் கழற்ற வேண்டும்;
சிவப்பைத் தொடும் ஸ்பேனர் பாடியில் உரசினால்
அது ஸ்பேனராக இருக்காது.
மோதிரத்தையும் கழற்ற வேண்டும்.
என் மோதிரம் சித்திரையிலிருந்தே
அடகுக்கடையில் பத்திரமாக இருக்கிறது.
தாலியில் மிச்சம் மஞ்சள் நூல்தான்.
நனைந்த நூலை நம்பாமல்
முதுகுப் பக்கம் தள்ளிவிட்டேன்.

வெளியே வந்தது ஃப்யூஸ்.
கண்ணாடி மூடிக்குள் பட்டை நடுவில் உருகி
இரு நுனியிலும் மணி கோத்திருந்தது.

"செம்புக் கம்பி இருக்கு, மா தில்லை. சுற்றிக் கட்டிடலாமா?"
அவர் கேட்டதில் பரிகாரம் இருந்தது.
கம்பி விட்டுக்கொடுக்காது.
அடுத்த தவறுக்கு வயர் எரியும்,
அப்புறம் பெட்ரோல் டியூப்,
அப்புறம் முறுக்கு,
அப்புறம் தில்லை.

எட்டு மணிக்குக் கடை திறந்த நைனா முகமது சொன்னார்:
"நூறு இல்லம்மா. நூற்றி நாற்பது இருக்கு.
பெரிசு, நல்லாத் தாங்கும்."
"தாங்கக் கூடாது பாய்.
அளவு மீறினா இது சாகணும்.
அதுக்குத்தான் காசு."
அவர் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்துத் தேடினார்.
விலையைப் பர்மிய எண்ணில் எழுதினார்.
அதில் சுழியும் வட்டம், ஒன்றும் வட்டம்;
ஒன்று மட்டும் வாயைத் திறந்திருக்கும்.
நானும் திறந்தேன். விலை அப்படி.

நட்டுகள் இரண்டையும் இறுக்கினேன்.
தளர்ந்தால் அங்கேயே சூடு பிறக்கும்,
மிஞ்சினால் மரை போகும்.
கறுப்பு கடைசியில்:
முதலில் எழுந்து போய்
எல்லோரும் உட்கார்ந்தபின் வந்து சேரும்
கோபக்காரச் சம்பந்தி.

ஜம்பர் வயரை அவர் கையிலேயே கொடுத்தேன்.
வாங்கவில்லை.
மறுபடி நீட்டினேன்.
"சிவப்பு?"
"கூட்டல்."
"கறுப்பின் கடைசிப் பல்?"
"உன் பேட்டரியில் இல்லை. எஞ்சின் இரும்பில்."
கை நடுங்கியது, ஆனால் சரியான இடத்தில் கடித்தது.

வண்டி இருமி எழுந்தது.

நாலு கடை எடுத்துக்கொண்டது.
மற்றவர்கள் நாளைக்கு என்றார்கள்;
ஒருவர் அதுகூடச் சொல்லவில்லை.

செத்த ஃப்யூஸைக் கேட்டு வாங்கிக்கொண்டார் கோ லா மியோ.
சட்டைப் பையில்
வெற்றிலைப் பொட்டலத்தோடு போட்டுக்கொண்டார்.
எதற்கென்று நான் கேட்கவில்லை.