ஓர் இதழ் கூடுதல்

புகைக்குழாயின் இருமல் வறண்டபோதே
எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.
மூன்று மூச்சுக்கு ஒருமுறை பின்புறம் துப்புகிற தண்ணீர்
எப்போது நின்றதென்று நான் கவனிக்கவில்லை.
கவனித்தது செம்மறிக்கடா.
தெனாவுனில் விலை பேசியாகிவிட்ட கடா,
கயிறு விட்டமட்டும் பின்னால் போய்
வராத தண்ணீரைப் பார்த்தபடி நின்றது.

முள் நூற்றைந்தைத் தொட்டது.
அணைத்தேன்.

அதன்பிறகுதான் மழை கேட்டது.
சிலோயே மழை, காலையிலிருந்தே பெய்வது.
பதினோரு பாகத்தில் நங்கூரம் தரை பிடிக்க,
பதினாறு மூட்டை உருளைக்கிழங்கு, கடா, நான்,
சாந்தியாகோவிலிருந்து மாதம் ஒருமுறை
தீவுகளுக்குப் பல் பிடுங்க வரும் டாக்டர் ஃபெர்மின் அரான்சிபியா,
எல்லோரும் ஒரே பக்கமாய் மெல்லத் திரும்பினோம்.

"மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றலாமே" என்றார்.
ஊற்றலாம், முகத்தில் தோல் வேண்டாமென்றால்.
ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்காதா.
மாத்தே இலையில் வெந்நீர் ஊற்றிக் கையில் கொடுத்தேன்.

ஆறட்டும். அதுவரை சூடில்லாத பக்கமாய்த் தேடினேன்.
வால்வு திறந்துதான் இருக்கிறது.
வடிகட்டியில் ஒரு கை பாசி, ஒரு குட்டி நண்டு,
இவ்வளவு பெரிய குற்றத்துக்கு அது காணாது.
பெல்ட், கட்டைவிரலுக்கு அரை அங்குலம் வளைகிறது, சரி.
குழாயைக் கழற்றினால்
கடல் துள்ளி வந்து என் பூட்ஸை நனைத்தது.
ஆக, வாசல்வரை வந்து நிற்கிறது.
உள்ளே அழைத்துப் போகத்தான் ஆளில்லை.

பம்பு.
ஆறு திருகு. ஐந்தாவது மட்டும் வசவு கேட்டுத்தான் அசைந்தது.
மூடிக்குப் பின்னால் ரப்பர்ப் பூ,
ஆறிதழில் நான்கு மிச்சம்.

உதிர்ந்தது உதிர்ந்த இடத்தில் கிடக்க இது தோட்டமில்லை.
தண்ணீர் போன வழியே போய்
வழி குறுகும் இடத்தில் குந்தியிருக்கும்.
வெப்பமாற்றியின் தொப்பியைக் கழற்றினேன்:
தேனடை மாதிரி செம்புக் குழல்கள்.
என் விரல் நுழையவில்லை.

டாக்டர் பையைத் திறந்தார்.
நீளக் காம்பு வைத்த கண்ணாடி, வளைந்த ஊசி, சின்ன இடுக்கி.
"நல்லா வாயைத் திறங்க" என்றார் எஞ்சினிடம்,
பழக்கதோஷம்.

ஒன்று வந்தது.
இரண்டாவது, நுனி சிதைந்து.
போதும், மூடிவிடலாம் என்றேன்.
"இன்னொன்று இருக்கிறதே."

சாக்கின்மேல் வரிசையாய் வைத்துப் பார்க்கிறேன்.
அங்கே நான்கு, இங்கே மூன்று.
கணக்கு உதைக்கிறது.
மூன்றாவது கல்லாய் இறுகி, உப்பேறி வெளுத்த கிழம்.

இந்தப் படகை எனக்கு விற்றவன் ரோசமேல், அக்காள் புருஷன்.
"ஒருநாளும் சூடானதில்லை, எதெல்மீரா"
என்று மாதாமேல் ஆணையிட்டவன்.
அவனுக்கும் ஒருநாள் நடுநீரில் பூ உதிர்ந்திருக்கிறது.
புதுசை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.
உதிர்ந்ததைத் தேடவில்லை.
ஐந்து வருஷமாய் அந்த ஒற்றை இதழை ஒதுங்கி ஒதுங்கித்தான்
தண்ணீர் போய்க்கொண்டிருந்திருக்கிறது.
கோடையில் முள் ஏறும்போதெல்லாம்
"உனக்கு ஓட்டத் தெரியவில்லை" என்பான்.
நானும் மெதுவாய் ஓட்டிப் பார்த்திருக்கிறேன்.

புது இம்பெல்லருக்குச் சோப்புத் தண்ணீர் தடவி
சுழலும் பக்கமாய் முறுக்கி நுழைத்தேன்.
கிழிந்த காஸ்கெட்டுக்குப் பதிலாக
நோயாளி அட்டை ஒன்றைக் கத்தரித்தோம்.
'மெச்சூக்கே, கீழ்க்கடைவாய், இடது'
என்று எழுதியிருந்த பக்கம் உள்ளே போனது.

மூன்றாவது இதழ் என் சட்டைப் பையில்.
ஞாயிற்றுக்கிழமை அக்காள் வீட்டில் சாப்பாடு.

சாவியைத் திருகினேன். இருமல்.
வறட்டு இருமல். இன்னொன்று.
எட்டிப் பார்க்க எனக்குத் தைரியமில்லை,
கடாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அது திடுக்கிட்டு
இரண்டடி பின்வாங்கியது.